பல்லக்கா நின்ற தேர்தல்

வார்டில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் மருத்துவமனையின் முன்மேசையில் இருபது வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? காய்கறிக் கடையிலோ பேருந்திலோ அவளைக் கண்டால் ஜனங்கள் முதலில் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். அப்புறம் அசட்டுச் சிரிப்போடு, "போன வாரமே வரச் சொன்னீங்க, வர முடியல பல்லக்கா" என்பார்கள். யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, யார் ஊசியைப் பார்த்தாலே மயங்குவார், யார் புதிதாய்க் கட்டிய பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விட மாட்டாள்.

அவளுடைய கணவர் மின்சார வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தார். வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. மனிதர் மீட்டரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிற ரகமில்லை. தண்ணீர் வாங்கிக் குடிப்பார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் விசாரிப்பார், எரியாத பல்பை மாற்றிக் கொடுப்பார். அவரை எல்லோரும் மீட்டர் அண்ணன் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

பிள்ளைகள் இல்லை. மிஞ்சியிருந்த உறவு என்று பார்த்தால் கொழுந்தன் குடும்பம் ஒன்றுதான்.

அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மாமியார் இல்லாத வீடு. அவனுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் அவள்தான். காய்ச்சலில் கிடந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டவளும் அவள்தான். மீசை வைக்கலாமா வேண்டாமா என்று அவன் அண்ணனிடம் கேட்காமல் அண்ணியிடம்தான் வந்து கேட்டான். வளர்ந்து, குடும்பஸ்தனாகி, அந்த வார்டுக்கே கவுன்சிலராகவும் ஆனான். நின்ற இரண்டு தேர்தலிலும் அண்ணன் தம்பிக்காகச் செருப்புத் தேய நடந்தார். "நம்ம பையன், பாத்துக்குங்க" என்பதைத் தவிர அவர் வேறு பிரசாரம் எதுவும் செய்ததாக அவளுக்கு நினைவில்லை.

அவர் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கொழுந்தன் வீட்டில் சாப்பிடுவது வழக்கமாயிற்று. வாரத்தில் அவள் இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். மற்ற நாட்களில் அடுப்புத் திண்டின் முன்னால் நின்றபடியே தட்டைக் காலி செய்துவிட்டு, அங்கேயே கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

அந்த வார்டை ரயில் பாதை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. பாதைக்கு அடியில் ஆட்கள் மட்டும் நடந்து போக ஒரு சுரங்கப்பாதை. மழை பெய்தால் அதில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஒரு மழைநாளில் பெரியவர் ஒருவர் அங்கே வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நகரசபை மறுநாளே இரண்டு வாயிலையும் தகரம் வைத்து அடைத்து, 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று பலகையும் மாட்டியது. மழைக்காலம் போய் வெயில் வந்தது. பலகையிலிருந்த எழுத்து வெளுத்துப் போனதே தவிர தகரம் அசையவில்லை. பாதைக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் கடைக்கு வர வேண்டுமானாலும் பள்ளிக்கூடம் போக வேண்டுமானாலும் மேம்பாலத்தைச் சுற்ற வேண்டியதாயிற்று. மேம்பாலத்தில் நடக்க இடம் கிடையாது. லாரி உரசிக்கொண்டு போகும்.

பல் மருத்துவமனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். வயதானவர்கள் அடியோடு நின்றே போனார்கள். ஒரு நாள் மாலை, லாரி ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் கன்னம் பன் மாதிரி வீங்க, வியர்த்து விறுவிறுத்து வந்து முன்மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டாள்.

"நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன் பல்லக்கா நான். இப்ப லாரிக்குப் பயந்து வீட்டுலயே கிடக்கறேன்" என்றார் கிழவர். வீக்கத்தில் அவர் சொன்னது பாதிதான் புரிந்தது. பாதியே போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கொழுந்தனிடம் கேட்டாள்.

"தம்பி, அந்தச் சுரங்கப்பாதைய எப்பத் திறக்கப் போறீங்க?"

"அது லேசுப்பட்ட காரியமில்ல அண்ணி. பம்ப் வைக்கணும், பாத்துக்க ஆள் போடணும். இப்போதைக்கு மூடியே இருக்கட்டும்னு சபையில பேச்சு வந்துச்சு. நானும் சரின்னு கை தூக்கினேன்."

"நீயுமா?"

"அதுக்குப் பதிலாத்தான் நம்ம மெயின் ரோட்டுக்கு லைட்டு வந்துச்சு. ஒண்ண விட்டாத்தான் ஒண்ணு கிடைக்கும் அண்ணி. அந்தப் பக்கம் மொத்தமே இருநூறு வீடு. அதுல பாதிப் பேரு ஓட்டுப் போடவே வர்றதில்ல."

"வர வழிய அடைச்சிட்டு, வர்றதில்லன்னா எப்படி?"

கொழுந்தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அடேங்கப்பா! அண்ணிக்கு அரசியல் பேச்சு வருதே. பேசாம இந்தத் தடவ நீங்களே நில்லுங்க. நான் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கறேன்."

ஓரகத்தி, அதாவது அவன் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்லக்காவும் கூடச் சிரித்தாள். வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. அவன் கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் அதில் கேலி எங்கே இருக்கிறது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். தான் நிற்பதில்தான் இருக்கிறது என்று பட்டபோது காது மடல் சூடாயிற்று.

அந்த வாரமே மதிய இடைவேளையில் போய் வேட்புமனுவைக் கொடுத்தாள். முன்மொழிய ஆள் வேண்டுமென்றார்கள். லாரிக்காரக் கிழவரும் அவர் தெருவாரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரியும் ஒரு காலத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர்தான். தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "உங்க கொழுந்தனாரும் நிக்கறாரே..." என்று இழுத்தார்.

"ஆமாம். அவரும் நிக்கறார்" என்றாள் அவள்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் ஓரகத்தி போனில் கூப்பிட்டாள். எடுத்தவுடன் அழுகை. "எங்க மேல என்ன கோவம் அக்கா? எதுவா இருந்தாலும் வீட்டுல சொல்லியிருக்கலாமே, இப்படித் தெருவுல நின்னா சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்த ஞாயித்துக்கிழமை நாங்க வீட்டுல இருக்க மாட்டோம்" என்றாள்.

"சரிம்மா" என்றாள் அவள். எந்த ஞாயிற்றுக்கிழமை இருப்பார்கள் என்று கேட்கவில்லை.

மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது கொழுந்தன் வாசலில் நின்றிருந்தான். வழக்கமாக அவள் வரத் தாமதமானால் அவனே கதவைத் திறந்து உள்ளே போய் டிவி போட்டுக்கொள்வான். அண்ணன் இறந்ததிலிருந்து, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் இருந்தது. அன்றைக்கு அவள் வந்து கதவைத் திறக்கும்வரை வெளியிலேயே நின்றான்.

"உக்காரு."

"உக்கார வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அண்ணன் இருந்திருந்தா இந்த வேலையப் பண்ணியிருப்பீங்களா?"

"அண்ணன் இருந்திருந்தா நீ அன்னிக்குக் கை தூக்கியிருப்பியா?"

அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. மனிதன் பொதுக்கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரன் என்ன கேட்டாலும் திருப்பிக் கொடுப்பான். இப்போது சுவரைப் பார்த்தான். சுவரில் அண்ணன் படம் இருந்ததால் அங்கிருந்தும் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"நீ கெட்டவன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "அந்தத் தகரத்த எடுக்கணும். அது மட்டும்தான் சொல்வேன்."

"ஜெயிக்க மாட்டீங்க அண்ணி. என்னையும் ஜெயிக்க விட மாட்டீங்க. ஹார்டுவேர் கடைக்காரன் நடுவுல புகுந்து போயிடுவான். அது புரியுதா உங்களுக்கு?"

ஹார்டுவேர் கடைக்காரர் போன தேர்தலில் அவனிடம் தோற்றவர். இந்தத் தடவையும் நின்றார். அவள் அவரைப் பற்றி யோசித்திருக்கவில்லை. ஆனாலும், "புரியுது" என்றாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் செருப்பு அலமாரியின் மேல் வைத்தான். தூக்கி எறியவில்லை. சத்தம் வராமல் வைத்தான். "இது எங்கிட்ட இருந்தா நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வாங்க" என்றான். "தண்ணியாவது குடிச்சிட்டுப் போ" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் படியிறங்கிவிட்டான்.

டாக்டருக்கும் இது பிடிக்கவில்லை. பல் பார்க்க வருகிறவர்கள் மூன்று வேட்பாளர்களின் ஆட்களும்தான் என்றார். "முன்மேசையில் அரசியல் வேண்டாம்" என்று சொல்லித் தேர்தல் முடியும்வரை சம்பளத்தோடு தினமும் அரைநாள் விடுப்பு கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் மதியத்துக்கு மேல் அவளுக்குப் பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே இடமும் அதோடு போயிற்று.

அவள் தனியாகத்தான் ஓட்டுக் கேட்டாள். மெகாபோன் இல்லை, கூட வர ஆளில்லை. தோளில் ஒரு துணிப்பை, அதில் தண்ணீர் பாட்டிலும் துண்டு நோட்டீசுகளும். கதவைத் தட்டுவாள். கதவைத் திறப்பவர் அவளைப் பார்த்ததும், "ஐயோ, நான் வரணும்னுதான் இருந்தேன்" என்று ஆரம்பிப்பார். பல்லுக்காக வரவில்லை, ஓட்டுக்காக வந்தேன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் சிலர் வாயைத் திறந்து காட்டிவிடுவார்கள். ஒரு வீட்டில் கணவன், மனைவி, மாமனார் மூவரும் வரிசையாக நின்று காட்டினார்கள். அவளும் மூன்று வாயையும் பார்த்து, "மாமாவ மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ஓட்டுக் கேட்க மறந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நினைவு வந்து திரும்பியபோது அவர்களே சிரித்தார்கள்.

பகல் வேளைகளில் கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் தனியாக இருந்தவர்கள். இவ்வளவு பேர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. காத்திருப்பு அறையில் அவர்களைப் பார்க்கும்போது பக்கத்தில் யாராவது இருப்பார்கள். இங்கே ஒரு நாற்காலியும் ஓடிக்கொண்டிருக்கிற டிவியும்தான். அவர்கள் அவளை உள்ளே அழைத்தார்கள், டீ போட்டார்கள், வெளிநாட்டிலிருக்கும் மகளின் படத்தைக் காட்டினார்கள். சுரங்கப்பாதையைப் பற்றிச் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். எழுந்தால் மட்டும் விடவில்லை. ஒரு அம்மாள் வெகு நேரம் பேசிவிட்டு, வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "தேர்தல் முடிஞ்ச பிறகும் வருவியா?" என்று கேட்டாள். அவள் "வர்றேம்மா" என்றாள். அந்தத் தெருமுனையில் ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போக முடிந்தது.

போன இடமெல்லாம் கணவர் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். "மீட்டர் அண்ணன் சம்சாரமா? உள்ள வாங்க" என்றார்கள். இந்தப் படியில் உட்கார்ந்துதான் ஷூவில் விழுந்த கல்லைத் தட்டுவார் என்று ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயர் வைத்ததே அவர்தான் என்று ஒரு பெண் சொன்னாள். அவர் வீட்டில் இதையெல்லாம் சொன்னதில்லை. வெயிலில் நடந்து களைத்து வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போவார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதரை ஊரார் வாய்வழியாகத் தெரிந்துகொள்வது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறுக்க முடியாததாகவும் இருந்தது.

அந்தப் பக்கத்துக்குப் போக அவளும் பேருந்தில் மேம்பாலம் சுற்றித்தான் போனாள். அங்கே ஓட்டுக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. லாரிக்காரக் கிழவர் முன்னால் போய்க் கதவைத் தட்டி, "பல்லக்கா வந்திருக்காங்க, வெளிய வாங்கய்யா" என்று அதட்டினார். அதே கிழவர், "உங்களுக்குப் பல்செட்டைச் சின்னமாக் குடுத்திருக்கணும். நான் கழட்டிக் காட்டியே ஓட்டுக் கேட்டிருப்பேன்" என்றும் சொன்னார்.

தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரு மாலை, பள்ளிக்கூடத் தெருவில் அவள் ஒரு முனையிலிருந்து வர, கொழுந்தனும் அவன் ஆட்களும் மறுமுனையிலிருந்து வந்தார்கள். ஒதுங்கச் சந்து இல்லாத தெரு. அவனோடு இருபது பேராவது இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவள் கையால் டீ குடித்தவர்கள்தான். இப்போது சிலர் செல்போனைப் பார்த்தார்கள், சிலர் வானத்தைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் குரலை உயர்த்தி, "வழி விடுங்கப்பா, பல்லக்கா பல்லக்குல போறாங்க. தூக்கத்தான் ஆளைக் காணோம்!" என்றான். கூட்டம் சிரித்தது.

"வாய மூடுடா" என்றான் கொழுந்தன்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்து போனான். கூட்டமும் அவன் பின்னால் ஓடியது. அவள் நெஞ்சு ஒரு கணம் நிறைந்து, உடனே வற்றியது. அவன் திட்டியிருந்தால்கூட வீட்டுக்குப் போய் அவன் மேல் கோபப்பட்டிருக்கலாம்.

வாக்குப்பதிவு நாளன்று காலையிலேயே போனாள். தடுப்புக்குப் பின்னால் வாக்குச்சீட்டை விரித்தபோது மூன்று பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. கொழுந்தன் பெயருக்கு நேராக முத்திரை வைத்தே கைக்குப் பழக்கம். முன்பு இரண்டு தடவையும் வெளியே கணவர் காத்திருப்பார். "போட்டியா?" என்று கேட்பார், ஏதோ பெரிய ரகசியம் மாதிரி. இப்போது தன் பெயரைத் தானே அச்சில் பார்க்க யாரோ மூன்றாம் மனுஷி பெயர் போலிருந்தது. அதற்கு நேராக முத்திரையை வைத்தாள். வெளியே வந்தபோது, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற பையனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் பள்ளி விளையாட்டுக்கூடத்தில் எண்ணினார்கள். மர மேசைகளில் கட்டுக் கட்டாக வாக்குச்சீட்டுகளைப் பிரித்துப் போட்டார்கள். வேட்பாளர்களுக்கென்று தனித்தனியாக நாற்காலிகள். ஹார்டுவேர் கடைக்காரரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். கொழுந்தனைச் சுற்றியும் இருந்தார்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய துணிப்பை இருந்தது. லாரிக்காரக் கிழவர் வருவதாகச் சொல்லியிருந்தார். பேருந்து கிடைக்கவில்லையென்று போன் செய்தார்.

முடிவைப் படித்தார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கொழுந்தன் இரண்டாவது. அவளுக்கு முந்நூற்றுச் சொச்சம். சுயேச்சையாக அந்த வார்டில் நின்ற எவரும் வாங்காத ஓட்டு என்று யாரோ சொன்னார்கள். அந்த முந்நூறில் ஐம்பது பேர் கொழுந்தனுக்குப் போட்டிருந்தால் அவன் கவுன்சிலர். அந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர்கள் அந்தக் கூடத்தில் யாருமில்லை.

"வீட்டுக்குள்ளேயே வெட்டிக்கிட்டா விளங்குமா?" என்று ஒருவர் அவள் காதுபடச் சொல்லிவிட்டு நடந்தார். ஹார்டுவேர் கடைக்காரர் மாலையோடு வந்து அவளிடம் கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க" என்றார். மனிதர் மரியாதைக்குத்தான் சொன்னார். அவளுக்கு அது அறைந்த மாதிரி இருந்தது. கூட்டம் மாலைக்குப் பின்னால் வெளியேறியது. கொழுந்தனைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்தார்கள். கூடத்தின் ஒரு மூலையில் அவனும் எதிர்மூலையில் அவளும் மிஞ்சினார்கள்.

"தம்பி" என்று கூப்பிட்டாள். கூடம் பெரியது. குரல் அவனுக்கு எட்டியதா என்று தெரியவில்லை. அவன் எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சரியாக நகர்த்தி வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டான்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். ஜனங்கள் பழையபடி வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் தேர்தல் பேச்சே எடுக்கவில்லை. 'வர்றேம்மா' என்று சொல்லியிருந்த அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தாள். அடுத்தடுத்தும் போனாள். ஞாயிற்றுக்கிழமைகள்தான் நகர மறுத்தன. காலையில் துணி துவைத்துக் காயப்போட்டு, வீட்டைக் கூட்டி, மதியத்துக்கு வந்து நின்றால், மதியத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு பழையபடி அடுப்புத் திண்டுக்கே போய்விட்டாள்.

சுரங்கப்பாதை திறக்கவில்லை. புதுக் கவுன்சிலரிடம் கேட்டவர்களுக்கு, "பரிசீலனையில இருக்கு" என்று பதில் வந்தது. லாரிக்காரக் கிழவர் ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தபோது, "சபைக் கூட்டத்துல பொதுஜனமும் கேள்வி கேக்கலாமாமே பல்லக்கா. நான் மாடி ஏற முடியாது. நீங்க போய்க் கேளுங்களேன்" என்றார்.

போனாள். நகரசபைக் கட்டடத்தின் மேல்மாடியில், கூட்ட அறையைக் குனிந்து பார்க்கும்படி, பார்வையாளர்களுக்கென்று நான்கு வரிசை நாற்காலிகள். ஒரு ஈ காக்கை இல்லை. கீழே வட்ட மேசையைச் சுற்றிக் கவுன்சிலர்கள் மைக்கைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பின்னால் கதவு திறந்து மூடியது. கொழுந்தன்.

அவளைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு அதே வரிசையில், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். இளைத்திருந்தான். சட்டைக் காலரில் இஸ்திரி சரியாக விழவில்லை.

கீழே ஹார்டுவேர் கடைக்காரர் எழுந்து வடிகால் பற்றி எதையோ தப்பும் தவறுமாகப் படித்தார்.

"மேல இருந்து பாத்தா இப்படித்தான் இருக்குமா?" என்றான் கொழுந்தன், அவளைப் பார்க்காமல். "இத்தன வருஷம் கீழ உக்காந்திருந்தேன். ஒரு தடவையும் நிமிந்து பாத்ததில்ல."

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அவள்.

"ம்."

அப்புறம் அவனே சொன்னான். "உங்களுக்கு விழுந்தது அண்ணனோட ஓட்டு அண்ணி. ரொம்ப நாள் அதையே நினைச்சிட்டு உங்க மேல ஆத்திரமா இருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது. எனக்கு இத்தன நாளா விழுந்ததும் அதேதான்." கீழே வட்ட மேசையைக் காட்டினான். "என்ன கேக்கப் போறீங்க?"

"பம்ப் எப்ப வைப்பீங்கன்னு."

"அதக் கேக்காதீங்க. நிதி இல்லன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவாங்க. தற்காலிகமா மூடினதா, நிரந்தரமா மூடினதான்னு கேளுங்க. நிரந்தரமா மூடறதுன்னு தீர்மானமே கிடையாது. எனக்குத் தெரியும். நான்தானே கை தூக்கினேன்."

கடைசியில் தலைவர், பொதுமக்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று நிமிராமலே கேட்டார். அவள் எழுந்து கொழுந்தன் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டாள். கீழே காகிதங்களைப் புரட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தற்காலிகம்தான்" என்று செயலாளர் முனகினார். "அப்படின்னா மழையில்லாத மாசத்துல திறந்து வைக்க என்ன தடை?" என்றாள். அதை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே கேட்டாள். அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாகச் சொன்னார்கள்.

படியிறங்கும்போது அவன் அவளுக்கு முன்னால் போனான். வாசலில் நின்று, "கார் இருக்கு. வீட்டுல..." என்று தொடங்கி நிறுத்தினான். வீட்டில் கொண்டுபோய் விடவா என்பதா, வீட்டில் அவன் மனைவி இன்னும் ஆறவில்லை என்பதா, எதைச் சொல்ல வந்தான் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"பஸ் வந்துடும். நீ போ" என்றாள்.

"வரட்டுமா அண்ணி?"

"போயிட்டு வா."

அடுத்த இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, வெயில் காலம் தொடங்கியபோது, தகரத்தை எடுத்தார்கள். மழை வந்தால் மறுபடி மூடுவோம் என்று புதுப் பலகை ஒன்றும் வைத்தார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் ரிப்பன் வெட்டினார். அவளுக்கு அழைப்பில்லை, கொழுந்தனுக்கும் இல்லை. அன்றைக்கே லாரிக்காரக் கிழவர் நடந்து வந்து, வலிக்காத பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.

அவள் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. குப்பைத்தொட்டி, தெருநாய், பள்ளிக்கூடத் தெருவுக்கு வேகத்தடை என்று ஜனங்கள் மருத்துவமனையில் பல்வலியோடு இதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கொழுந்தன் சில மாதம் வருவான், சில மாதம் வர மாட்டான். வந்தால் அதே வரிசையில் உட்காருவான். என்ன கேட்கலாம் என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். வீட்டுப் பேச்சு மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று அவனும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கூட்டம் முடிந்து அவன் அவசரமாகப் போய்விட்டான். மாடியைப் பூட்ட வந்த காவலாளி வேலைக்குப் புதியவர்.

"அவர் உங்களுக்குச் சொந்தமாம்மா? மேல ஒண்ணா உக்காந்து பேசிக்கிட்டு இருந்தீங்களே?"

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு படி இறங்கியிருந்தாள். சொல்ல நிறைய இருந்தது.

"ஒரே வார்டு" என்றாள்.

காவலாளி தலையாட்டிவிட்டு விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். அவள் கீழே இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.